ஓர் ஆள் இடம் பிடித்த பெடல் பலகை

பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, என்னென்ன பெடல் வாங்கணும்?" என்பதுதான். எப்படி வாசிக்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது போல. சந்தோஷம்.

போன மாதம் நானுஓயாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, தன்னுடைய பெடல் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, நடுவில் இடியாப்பத்தைக் கொட்டிய மாதிரி வயர்கள். "ஏம்மா, இது நீ வாசிக்கிறதுக்கா, இல்ல படுத்துத் தூங்குறதுக்கா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அண்ணே, ஒங்களுதும் இப்படித்தான் இருந்திச்சாமே" என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டிரம்மர் அன்டனாகத்தான் இருக்கும். அவனுக்கு வேறு வேலை கிடையாது.

சரி, மானம் போனது போனதுதான். நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. பெடல் என்பது காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. கிட்டாரிலிருந்து வருகிற சத்தம் அதற்குள் புகுந்து, தடித்தோ மெலிந்தோ, கரகரத்தோ அலையடித்தோ வெளியே வரும். ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. ஆனால் ஒன்றிரண்டோடு நிறுத்தியவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

எனக்கு அந்த வியாதி வந்த வழி வேறு. பகலில் ஹட்டன் டவுனில் ரேடியோ, டிவி திருத்துகிற கடை வைத்திருந்தேன். சனி ஞாயிறுகளில் எங்கள் குரூப்போடு கல்யாண வீடு, கோயில் திருவிழா. கண்டியிலும் கொழும்பிலும் வாசிப்பவர்கள், செத்துப் போச்சு என்று தூக்கிப் போட்ட பெடல்கள் எப்படியோ சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வந்துவிடும். திறந்து பார்த்தால் ஒரு சின்ன வயர்தான் விட்டிருக்கும். ஒட்ட வைத்தால் கண்ணைத் திறந்துவிடும். நான் பிழைக்க வைத்த ஒன்றை வெளியே அனுப்ப எனக்கு மனசு வராது. அப்படியே சேர்ந்து சேர்ந்து, காலடியில் வைக்க இடமில்லாமல் போனது. பழைய தேயிலைப் பெட்டிகள் இரண்டை உடைத்து, அந்தப் பலகைகளை மரச்சட்டத்தில் அடித்து, ஓரத்துத் தகரத்தையும் அப்படியே விட்டு, பெடல்கள் எல்லாம் சரிவாக உட்கார ஒரு பலகை செய்தேன். தூக்க இரண்டு பேர் வேண்டும். அதற்கு அன்டன் வைத்த பெயர் "மூத்த புள்ள". நுவரெலியா பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அதற்கும் தனியாக டிக்கட் கிழித்தார். நான் சண்டை பிடிக்கப் போனேன். "சீட்ல ஒக்காந்திருக்கே ஐயா" என்றார். உண்மைதான், ஜன்னல் ஓரமாக உட்கார வைத்திருந்தேன்.

அந்தப் பலகையால் பட்ட அவமானங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் திருவிழா. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி ஊர்வலம் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது தப்பு மேளத்தின் சத்தம் கேட்கும். கேட்ட நொடியே மேடையில் யார் பாடினாலும், யார் வாசித்தாலும் நிறுத்திவிட வேண்டும். சாமிக்கு முன்னால் தப்பு மட்டும்தான் பேசும். மற்றவர்கள் எல்லாம் எழுந்து நிற்க வேண்டியதுதான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என்னிடம் அப்போது புதிதாக ஒரு பெடல் வந்திருந்தது. வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாம் சும்மா நின்றாலும் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். லூப் பெடல் என்பார்கள். அன்றைக்குத்தான் அதை மேடையில் முதன்முதலாக மிதித்தேன். அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரம், பனி இறங்கி மேடைக்குள் புகுந்துவிட்டது. குனிந்தால் என் முழங்காலே தெரியவில்லை. சரியாக அந்த நேரத்தில் தப்புச் சத்தம் கேட்டது. ராஜி பாட்டை நிறுத்தினாள். கணேஷ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். அன்டன் நிறுத்தினான். பேஸ் மட்டும் நிற்கவில்லை.

சாமி வளைவு திரும்பி வருகிறது. கோயில் தலைவர் கும்பிட்ட கையோடு மேடையைப் பார்த்து, "ஏங்க, நிப்பாட்டுங்க! சாமி வருது, நிப்பாட்டுங்கங்குறேன்!" என்று கத்துகிறார்.

நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். "நான் வாசிக்கலங்க! பாருங்க, கையப் பாருங்க!"

கை மேலே, பேஸ் கீழே. டும்டும் டும்டும் என்று அது பாட்டுக்குப் போகிறது. கூட்டத்தில் ஒரு அம்மா, "ஐயையோ, ஆளில்லாமலே வாசிக்குதுடி!" என்று பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எந்தப் பெடல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், பனிக்குள் காலை விட்டுக் கண்டதையெல்லாம் மிதித்தேன். ஒன்றை மிதித்தேன், சத்தம் தடித்தது. இன்னொன்றை மிதித்தேன், சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆனது. கடைசியில் அன்டன் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினான். தப்பு அடித்து வந்தவர்களில் மூத்தவர் மேடையைக் கடக்கும்போது என்னைப் பார்த்து, "என்னா தம்பி, ஒங்க சாமி எறங்குனிச்சா?" என்றார். கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

இதற்குப் பிறகாவது திருந்தினேனா என்றால், இல்லை. லூப் பெடலைப் பலகையின் இடது ஓரத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான். அவமானத்தால் பெடல் குறைந்ததாக இந்தத் தொழிலில் வரலாறே கிடையாது.

என் பலகை குறைந்தது ராஜியால்தான்.

ராஜி எங்கள் பாட்டுக்காரி. வார நாட்களில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிக் கொழுந்து எடுப்பவள். சனிக்கிழமையானால் சேலையை மாற்றிக்கொண்டு வந்து மைக்கைப் பிடிப்பாள். குரல் நல்ல குரல், கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் குரூப்புக்கு நிரந்தரமான வேலை இல்லை. சீசனில் ஓடுவோம், மழையில் கிடப்போம். அவளுடைய கணவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்றான். மகள் இரண்டாம் வகுப்பு. அந்த வருஷம் ராஜி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்துவிட்டாள். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. மகளை அக்கா வீட்டில் விடுவதாகப் பேச்சு. ஏஜென்சிக்காரர் கூப்பிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

அப்போதுதான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இருந்து ஆள் அனுப்பினார்கள். வெள்ளியும் சனியும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க ஒரு குரூப் வேண்டும், வருஷம் முழுக்க. முதலில் ஒரு சனிக்கிழமை வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை நிரந்தரம்.

ராஜி ஒளிக்காமல் சொன்னாள். "அண்ணே, இது கெடச்சா நான் போக மாட்டேன். எனக்குப் போக இஷ்டமே இல்ல. புள்ளய விட்டுட்டு எப்படி இருப்பேன்னு நெனச்சாலே நெஞ்சு அடைக்குது."

இடத்தைப் பார்க்க நாங்கள் நான்கு பேரும் போனோம். மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான். ஹோட்டல் மேனேஜர் ஒரு சிங்கள மாத்தயா, நல்ல மனுஷர், எங்களோடு தமிழிலேயே பேசினார். சாப்பாட்டு மண்டபத்தில் கணப்படுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டினார். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் யாரும் வாசிக்காத பெரிய பியானோ. அதை நகர்த்த முடியாதாம், ஹோட்டலுக்கு அதுதான் அழகாம். நடுவில் மிஞ்சியதுதான் எங்கள் மேடை.

டிரம்ஸை வைத்தோம், கீபோர்டை வைத்தோம். நானும் அன்டனும் என் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினோம். மேனேஜர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்தப் பெட்டி என்னா?"

"பெடல் மாத்தயா. பேஸுக்கு."

"ஒரு ஆள் எடம் எடுக்குதே." கண்ணாலேயே அளந்தார். "அப்போ இங்க நாலு பேர் வராது. பரவாயில்ல, பாட்டு வேணாம். கெஸ்ட் சாப்பிடுற நேரம் மியூசிக் மட்டும் போதும். மூணு பேர் வாங்க."

ராஜி பியானோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

இந்த இடத்தில் நான் ஒரு பெரிய தியாகத்தைச் செய்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்டன் உயிரோடு இருக்கிறான், படிப்பான். நான் முதலில் சொன்னது இதுதான்: "டிரம்ஸ்ல ஒண்ணு ரெண்டு கொறைக்கலாமே?"

அன்டன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "மாத்தயா, சனிக்கெழம நாங்க நாலு பேருதான் வருவோம். பெட்டி வராது. அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். நானுஓயா தாண்டியபோது ராஜி பின் சீட்டிலிருந்து எட்டி, "அண்ணே, ஒங்களுக்குக் கஷ்டமுன்னா வேணாம். நான் எப்படியும் போறதாத்தானே இருந்தேன்" என்றாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஒரு தாய் பிள்ளையை விட்டுப் போவதையும், நான் பெடலை விட்டுப் போவதையும் அவள் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறாள், அதுவும் என் மனசு நோகக்கூடாதென்று. வெட்கமாக இருந்தது. "பேசாம இரு புள்ள. நாளைக்கிக் கடைக்கு வா, ரெண்டு பேரும் வாங்க" என்றேன்.

மறுநாள் மாலை மலையிலிருந்து இறங்கி ராஜி வந்தாள், அன்டனும் வந்தான். பெடல்களைக் கழற்றி மேசையில் பரப்பினேன். அன்டன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேட்டான்.

"இது என்னா செய்யும்?"

"சத்தத்த அகலமாக்கும்."

"இது?"

"அதுவும் அகலமாக்கும். ஆனா வேற மாதிரி."

"எவ்வளவு அகலம் வேணும் ஒங்களுக்கு? கடை வாசல்ல போகாது போலருக்கே."

வாய்ப்பேச்சால் இது முடியாது என்று எனக்கே தெரிந்தது. அப்போது ஒரு யோசனை வந்தது. இதை நீங்களும் செய்து பார்க்கலாம், நல்ல யோசனை. ராஜியைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். அவள் ஒரு பாட்டை மெதுவாகப் பாட வேண்டும், நான் கூடவே வாசிப்பேன், நடுவில் சொல்லாமல் ஒவ்வொரு பெடலாக நிறுத்துவேன். ஏதாவது மாறினால் அவள் கையைத் தூக்க வேண்டும். கையைத் தூக்க வைக்கிற பெடல் மட்டும் நுவரெலியாவுக்கு வரும்.

அலையடிக்கிற பெடலை நிறுத்தினேன். கை எழவில்லை. ஊரெல்லாம் தேடி உதிரிப்பாகம் வாங்கிப் பிழைக்க வைத்த பெடலை நிறுத்தினேன். அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். கரகரப்பை நிறுத்தினேன், கை எழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா!" என்றேன். "இல்லண்ணே, இப்பதான் நல்லாருக்கு. அத இனிமே போடாதீங்க" என்றாள். அன்டன் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தான்.

கடைசியாகச் சத்தத்தைச் சமப்படுத்துகிற பெடல் மிஞ்சியது. விரல் அழுத்தினாலும் மெதுவாகத் தொட்டாலும் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வர வைக்கும். அதை நிறுத்தியதும் ராஜி பாட்டையே நிறுத்தித் திரும்பிவிட்டாள்.

"அண்ணே, என்னா செஞ்சீங்க? எனக்குக் கீழ இருந்த தரை போன மாதிரி இருக்கு."

அது தங்கியது. கிட்டாரை நேராக மிக்ஸரில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி வேண்டும், அதுவும் தங்கியது. சுருதி பார்க்கும் பெடலுக்குப் பதிலாகக் கிட்டாரின் தலையில் கவ்வி மாட்டுகிற மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டேன். இவ்வளவு காலம் இரண்டு பேர் தூக்கியது, மதியச் சாப்பாடு கொண்டு போகிற பையில் அடங்கிவிட்டது. மற்றதையெல்லாம் மேசைக்குக் கீழே தள்ளி ஒரு சாக்கால் மூடினேன். பார்த்தால் மனசு மாறிவிடும்.

சனிக்கிழமை நான் பையோடு பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர். "என்னா ஐயா, இன்னைக்கி ஒங்க ஆள் வரலியா?" என்றார். எல்லாருக்கும் என்னைக் கண்டால் ஒரு இளக்காரம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹோட்டல் வாசலில் ராஜி என் மழைக்கோட்டையே பார்த்தாள். "பாக்கெட்ல என்னா அண்ணே?" என்றாள். "வெத்தல டப்பா" என்றேன். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. அவள் கையை நீட்டினாள். ஒரே ஒரு பெடல்தான், சத்தத்தை இன்னும் கீழே இறக்குகிற பெடல், அவசரத்துக்கு உதவுமே என்று போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. கல்யாண வீட்டுச் சத்தத்தில் பாடிப் பழகியவளுக்கு, கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்கிற இடத்தில் பாடுவது பயமாக இருந்தது. சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டே முதல் பாட்டை முடித்தாள். இரண்டு மூன்று மேசையில் கை தட்டினார்கள். மேனேஜர் வாசலோரம் கைகட்டி நின்றார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் பாட்டு. எனக்குக் காலடியில் பார்க்க ஒன்றும் இல்லை. சமப்படுத்துகிற பெடலை ஒருமுறை மிதித்தால் முடிந்தது. அது என்னைக் கூப்பிடவே இல்லை. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிமிர்ந்து ராஜியைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

அந்த நேரம் பார்த்து, பரிமாறுகிற பையன் கணப்படுப்பில் ஒரு ஈரக்கட்டையைப் போட்டுவிட்டுப் போனான். புகை எங்கள் பக்கமாகத் திரும்பியது. ராஜி பல்லவியை முடித்தாள், இடையிசை தொடங்கியது, அது முடிந்தால் அவள் சரணம் எடுக்க வேண்டும். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. மைக் ஸ்டாண்டைப் பிடித்த விரல்கள் இறுகின. இருமினால் மைக்கில் போகும். இருமாவிட்டால் குரல் வராது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

இடையிசை முடிய நான்கு தட்டுதான் மிச்சம். யோசிக்க நேரமில்லை. பாட்டை நிறுத்தினால் மேனேஜருக்குச் சாக்குக் கிடைத்துவிடும், பாட்டு வேணாம் என்று முதலே சொன்னவர் அவர். நான் அன்டனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சரணத்துக்குப் போகாமல் இடையிசையின் தொடக்கத்துக்கே பேஸைத் திருப்பினேன். அன்டன் கூடவே திரும்பினான். கணேஷ் ஒரு நொடி முழித்துவிட்டு, கையை எடுத்து எனக்கு வழிவிட்டான். நான் முன்னுக்கு வந்து, அந்த மெட்டைப் பேஸிலேயே நிதானமாக வாசித்தேன். பெடல் இல்லை, அலை இல்லை, வெறும் விரல்தான். ராஜி முதுகைத் திருப்பி, சால்வைக்குள் இருமி, பியானோ மேல் இருந்த தண்ணீரைக் குடித்தாள். நான் அவளுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் ஏறி இறங்கி அடங்கட்டும் என்று இன்னும் ஒரு சுற்றுப் போனேன். அடங்கியது. திரும்பினாள், தலையை அசைத்தாள். ஒவ்வொரு சுரமாக மேலே ஏறி அவளைச் சரணத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டேன். அவள் எடுத்தாள் பாருங்கள், கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

முடிந்ததும் மேனேஜர் வந்தார். "நடுவுல பேஸ் தனியா வாசிச்சது நல்லாருந்துச்சு. ரிஹர்சல் பண்ணுனதா?" என்று கேட்டார்.

"ஆமா மாத்தயா, ஒரு வாரமா" என்றான் அன்டன், முகத்தை அசைக்காமல்.

"ஹரி" என்று சிங்களத்தில் சம்மதம் சொன்னார். "வெள்ளி, சனி நாலு பேரும் வாங்க. பாட்டு கட்டாயம் வேணும்." பிறகு ராஜியைப் பார்த்து, "ஒரு கொறைதான். பின்னால மேசைக்கு ஒங்க மொகம் தெரியல. கொஞ்சம் ஒசரமா நிக்க ஏதாவது பாருங்க" என்றார். ராஜி அப்படியொன்றும் வளர்ந்தவள் இல்லை.

ஹோட்டல் வாசலில் வேனுக்காக நின்றபோது அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கைப்பையைத் திறந்து அந்தப் பெடலை என் கையில் வைத்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள், என்னைக் குத்திக்காட்ட இல்லை.

"அண்ணே, இத்தன வருசத்துல எத்தன தடவ ஒங்களத் திரும்பிப் பாத்திருப்பேன் தெரியுமா?"

"எப்ப?"

"வரி மறந்தா, மூச்சு முட்டுனா, சுருதி எட்டலன்னா. டயகமவுலகூட சாமி வர்றதுக்கு முந்தி பாத்தேன். தப்புச் சத்தம் எனக்கு முதல்ல கேட்டுச்சு. ஒங்களுக்குச் சொல்லலாமுன்னு பாத்தேன். நீங்க எப்பவும் கீழயே பாத்துக்கிட்டு இருப்பீங்க. சரி, நம்மளே சமாளிப்போமுன்னு திரும்பிக்குவேன்."

அவளுக்குப் பின்னால் நின்று இத்தனை வருஷம் வாசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசித்துப் பார்த்தால், அவளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்தது அவளுடைய செருப்பு மட்டும்தான். குனிந்த பார்வைக்கு எட்டியது அவ்வளவுதான். பழுப்பு நிறம், இடது காலில் வார் அறுந்து கறுப்பு நூலால் தைத்தது. அந்தச் செருப்பு எந்தப் பாட்டுக்கு எப்படித் தாளம் போடும் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பெடல் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சொன்னாலும் கேட்கவா போகிறீர்கள்? வாங்குங்கள். வாங்கியதும் உங்கள் பாட்டுக்காரரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துக் கேளுங்கள். அவர் கை எழாத பெடலை வீட்டில் வைத்து ஆசை தீர மிதியுங்கள். குனிந்த தலையோடு வாசிப்பவனுக்குக் கழுத்து வலி வரும் என்று டாக்டர் சொல்வார். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது, அதை டாக்டர் சொல்ல மாட்டார்.

அடுத்த வாரம் கடையில் மூத்த பிள்ளையை வெளியே இழுத்தேன். பெடல்கள் நகராமல் இருக்க ஒட்டியிருந்த பட்டைகளை உரித்தேன். சரிவை அறுத்துச் சமமாக்கி, கீழே இன்னும் ஒரு சட்டம் கொடுத்து, மேலே ஒரு சிவப்புத் துணியை இழுத்து ஆணி அடித்தேன். ஓரத்துத் தகரம் அப்படியே இருந்தது. ராஜி ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டு, வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பாஸ்போர்ட்டை மகள் எடுத்து பஸ் விளையாட்டுக்கு டிக்கட் புத்தகமாக வைத்துக்கொண்டாளாம், திட்டவும் மனசு வரவில்லையாம்.

வெள்ளிக்கிழமை நானும் அன்டனும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மேனேஜர் பதறிப்போனார். "ஐயோ, மறுபடியும் பெட்டியா!"

"இல்ல மாத்தயா, இன்னைக்கி இதுக்கு வேற வேல" என்றேன். அடுப்புக்கும் பியானோவுக்கும் நடுவில், அன்றைக்கு அது ஓர் ஆள் இடத்தைப் பிடித்துக்கொண்ட அதே இடத்தில், இறக்கி வைத்தோம்.

ராஜி வந்து பார்த்தாள். தகர ஓரத்தைத் தடவினாள். "அண்ணே, இது நம்ம மூத்த புள்ளயில்ல?" என்றாள். அன்டன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு டிரம்ஸை முறுக்கினான். நான் பையிலிருந்து என் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மாட்டினேன்.

விளக்கைக் குறைத்தார்கள். அவள் குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றி என் பெடலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு மேலே ஏறினாள். பழுப்பு நிறம், கறுப்பு நூல். அதை எனக்கு நன்றாகத் தெரியும். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.